முக்கால் வண்டி

39 வயதுவரை என் காலின் உயரம் எனக்குத் தெரியாது. தையல்காரர் இடுப்பை அளந்திருக்கிறார், செருப்புக் கடையில் பாதத்தை அளந்திருக்கிறார்கள். தரையிலிருந்து கவட்டுவரை எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை. 2017 மே மாதம், குன்னூரில் ஒரு சைக்கிள் மெக்கானிக்கின் வீட்டில்தான் அது நடந்தது.

அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அளக்க வேண்டும் என்று சொல்லவே கூச்சப்பட்டார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, ஒரு கெட்டி அட்டைக் கணக்கு நோட்டையும் டேப்பையும் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் என்னைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வைத்தார். நோட்டின் முதுகு மேலே பார்க்கும்படி கால்களுக்கு நடுவே வைத்து, “சீட்டுல உக்காந்தா எப்படி அழுந்துமோ அப்படி அழுந்தணும்க்கா” என்றார். நோட்டின் விளிம்பு சுவரைத் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, டேப்பை விட்டுப் பார்த்தார்.

“எழுபத்தொண்ணு” என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

வெளியே கொஞ்ச நேரம் சத்தமில்லை. என் வண்டியை அளந்துகொண்டிருந்திருக்கிறார். “பார் எழுபத்தெட்டு இருக்குதுக்கா” என்றார்.

7 சென்டிமீட்டர். நான்கு விரல் அகலம். இரண்டு மாதம் முன்பு என்னைத் தேயிலைச் செடிக்குள் தள்ளி மணிக்கட்டில் விரிசல் விழவைத்தது அந்த நான்கு விரல் அகலம்தான்.

வங்கி வேலையில் 2016இல் எனக்குக் கோத்தகிரிக்கு மாற்றல் வந்தது. பிள்ளை விடுதியில், கணவர் மதுரையில். மாலை ஆறு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கி ஊர் அடங்கிவிடும். முதல் சில மாதங்கள் விடுமுறைக் காலைகளில் நடந்தேன். கோடநாடு போகும் சாலையில் நடக்கும்போது, கோவையிலிருந்து வண்டியேற்றிக் கொண்டுவந்த மவுண்டன் பைக்குகளில் பையன்கள் என்னைக் கடந்து போய், தார்ச்சாலையை விட்டு விலகி, தேயிலைக்கு நடுவே மண்பாதையில் இறங்கி மறைவார்கள். கொஞ்ச நேரம் கழித்து எதிர்ச்சரிவில் எறும்பு ஊர்வதுபோல் தெரிவார்கள். நான் அந்த இடத்துக்கு நடந்துபோக ஒரு மணி நேரம் ஆகும். கல்லூரி முடிந்த பிறகு நான் சைக்கிளைத் தொட்டதில்லை. ஆனாலும் அந்தச் சரிவு எனக்கு வேண்டும் என்று இருந்தது.

கோவையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். சுவர் முழுக்க வண்டிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: 26, 27.5, 29. விற்பனைப் பையன் முதலில் கேட்டது பட்ஜெட். அடுத்துக் கேட்டது கலர். என் உயரம் என்ன, எந்த மாதிரிப் பாதையில் ஓட்டப்போகிறேன் என்ற இரண்டு கேள்விகளும் கடைசிவரை வரவில்லை. நானாக, “இதில் எனக்கு எது சரி?” என்று கேட்டேன்.

“இருபத்தாறு இப்ப யாரும் எடுக்கிறதில்ல மேடம். இருபத்தொன்பதுதான் போயிட்டிருக்கு. கல்லு, குழி எதுவும் தெரியாது.”

அந்த மாடலில் சின்ன ஃபிரேம் கையிருப்பில் இல்லை, மீடியம்தான் இருந்தது. “ரெண்டும் ஒரே விலைதான் மேடம், பெரிசாவே எடுத்துக்குங்க. சீட்டை இறக்கிடலாம், பழகிடும்” என்றார். ஒரே விலைக்குப் பெரியது கிடைக்கும்போது சின்னதைக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பள்ளிச் சீருடையை இரண்டு வருடத்துக்குச் சேர்த்து மடித்துத் தைத்துப் போட்டவள் நான். செருப்பு ஒரு நம்பர் கூடவே இருக்கும். எடுத்துக்கொண்டேன்.

அங்கே நான் செய்த பெரிய தவறு, சக்கரத்தின் அளவையும் ஃபிரேமின் அளவையும் ஒன்றென்று நினைத்தது. அவை இரண்டும் வேறு வேறு எண்கள். 29 சக்கரத்திலேயே சின்ன ஃபிரேமும் உண்டு, பெரிய ஃபிரேமும் உண்டு. முதல் வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் சக்கரத்தைப் பற்றியே கேட்கிறார்கள், கடைக்காரர்களும் அதைப் பற்றியே சொல்கிறார்கள். வண்டியில் தொங்கும் சீட்டில் கொட்டை எழுத்தில் இருப்பது அந்த எண்தானே!

முதல் ஒரு மாதம் சந்தோஷமாகத்தான் ஓட்டினேன். அதைச் சொல்லாமல் விட்டால் அந்த வண்டிக்கு நான் செய்யும் அநியாயம். சாலையில் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அந்தப் பெரிய சக்கரம் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். சின்னச் சின்னக் கற்களை அது பொருட்படுத்தாது. இறங்கி ஏறுவதுதான் பாடு. வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, முன்விரலை ஊன்றி, காலைச் சுற்றிப் போட்டு ஏறுவேன். நிறுத்தும்போதும் அப்படியே. சைக்கிள் என்றால் இப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் மாதம், இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. கோடநாடு சாலையிலிருந்து சிறு விவசாயிகளின் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் ஒரு மண்பாதையில் போய்க்கொண்டிருந்தேன். காப்புக்காட்டுப் பக்கம் போகாத, கொழுந்து ஏற்றும் ஜீப் வரும் பாதை. வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் சரிவு. ஒரு வளைவு திரும்பியதும் முப்பது அடி தூரத்தில் காட்டெருமை நின்றது. கோத்தகிரியில் அது அதிசயமில்லை. தேயிலைக்குள் முதுகு மட்டும் கருப்பாகத் தெரிய மேய்ந்துகொண்டிருக்கும். சத்தம் போடாமல் நின்று, அது போகும்வரை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது. இடது காலைக் கீழே விட்டேன். தரை இல்லை.

சரிவுப் பக்கம் தரை இன்னும் ஒரு சாண் கீழே இருந்தது. பார் கவட்டில் இடித்தது. வண்டியோடு மெதுவாகச் சாய்ந்தேன். அவ்வளவு மெதுவாக விழுவது மிகவும் கொடுமை. விழப்போகிறோம் என்பது முழுக்கத் தெரிகிறது, ஒன்றும் செய்ய முடிவதில்லை. மேலே இருந்து பார்த்தால் தேயிலை பச்சை மெத்தைபோல் இருக்கும். உள்ளே கவ்வாத்து வெட்டி வெட்டி முறுக்கேறிய கட்டைகள், ஒவ்வொன்றும் கைத்தடி கனம். வலது கையை ஊன்றினேன். உள்ளே ஏதோ ‘நறுக்’கென்றது.

காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேட்டுப் பக்கம் ஏறிப் போனது. கீழ்ப் பாத்தியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் என்னைத் தூக்கினார், ஒருவர் முந்தானையால் கன்னத்துக் கீறலைத் துடைத்தார். மூன்றாமவர் வயதானவர். வண்டியைத் தூக்கிப் பாதையில் நிறுத்தி, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, இது உங்க வீட்டுக்காரர் வண்டியா?”

“இல்லம்மா, என்னோடதுதான்.”

“உங்களுக்கா வாங்குனீங்க?” என்று மறுபடியும் கேட்டார். அந்த அம்மாள் சைக்கிள் ஓட்டியிருப்பாரா என்பதே சந்தேகம். ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்த விஷயம் கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நான்கு வாரம் கையில் கட்டு. அந்த நான்கு வாரமும் சக்கரத்தைப் பற்றியே படித்தேன். இந்த 26 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், கதை கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமால்பைஸ் மலையில் போய் நிற்கிறது. 1970களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர் ஷ்வின் போன்ற பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைமேல் கொண்டுபோய், காட்டுத்தீயைத் தடுக்கப் போட்ட மண்சாலைகளில் இறங்கினார்கள். 1976இல் போட்டியே நடத்தினார்கள். அந்தப் போட்டிக்கு ‘ரீபேக்’ என்று பெயர். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கிற பிரேக் அந்த வண்டிகளுக்கு. ஒரு இறக்கம் முடிவதற்குள் சூடேறி, ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அந்த மறு அடைப்புதான் போட்டியின் பெயரானது.

அந்தச் சைக்கிள்களில் இருந்தது 26 அங்குலச் சக்கரம். 1933இல் ஷ்வின் நிறுவனம் கொண்டுவந்த தடித்த பலூன் டயரின் அளவு அது. மண்ணில் ஓட்டத் தடித்த டயர் வேண்டும், தடித்த டயர் அந்த அளவில்தான் கிடைத்தது. ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புது ஃபிரேம் செய்தபோதும் அதே சக்கரம். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பரைக் கொண்டுவந்து மவுண்டன் பைக்கைக் கடைக்குக் கடை சேர்த்தபோதும் அதே சக்கரம். மலைக்கு இதுதான் உகந்தது என்று யாரும் ஆராய்ந்து வைத்த எண் அல்ல அது, கைக்குக் கிடைத்த எண். 1999இல் டபிள்யூ.டி.பி. நிறுவனம் பெரிய ரிம்முக்கு நானோராப்டர் என்ற தடித்த டயரைச் செய்த பிறகுதான் 29க்கு வழி பிறந்தது. 27.5 என்கிற அளவோ பிரான்சில் பல காலமாகப் புழங்கிய 650 பி ரிம். நடுவில் நிற்கட்டும் என்று அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள்.

பெயரில்தான் நடு. டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டத்தைப் பார்த்தால் 26க்கு 559 மில்லிமீட்டர், 27.5க்கு 584, 29க்கு 622. முதல் இரண்டுக்கும் இடையே 25, அடுத்த இரண்டுக்கும் இடையே 38. அதாவது 27.5 உண்மையில் 26க்குத்தான் பக்கத்து வீட்டுக்காரர்.

கட்டுப்போட்ட கையோடு, வங்கிச் செலானின் பின்பக்கம் இடது கையால் ஒரு கணக்கும் போட்டேன். 10 சென்டிமீட்டர் உயர வேர் ஒன்று குறுக்கே கிடக்கிறது. 26 சக்கரம் அதில் முட்டும் கோணத்துக்கும் 29 முட்டும் கோணத்துக்கும் வித்தியாசம் இரண்டு பாகைக்குச் சற்று மேல். ஏறத் தேவையான உந்துதலில் பார்த்தால் 29க்கு ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. ஒரு வேருக்கு 8 சதவீதம் பெரிய விஷயமில்லை. நூறு வேர் உள்ள பாதையில் அது சாயங்காலம் தொடைக்குத் தெரியும். ஆக, கடைப் பையன் சொன்னது பொய்யில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் பந்தயத்தில் செக் நாட்டு யாரோஸ்லவ் குல்ஹவி 29இல் வந்து தங்கம் வென்றார். ஒரே ஒரு விநாடி பின்னால், 27.5இல் வந்த சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டருக்கு வெள்ளி. ஷூர்ட்டரைவிடக் குல்ஹவி நல்ல உயரம். அந்த வரியைப் படித்துவிட்டுக் கணினியை மூடிவைத்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் எந்தச் சக்கரத்தில் வென்றார் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவர் கால் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் அன்று கேட்கத் தோன்றியது.

அப்போதுதான் சின்னமனூர் ஞாபகம் வந்தது. எங்கள் தெரு முனையில் வாடகை சைக்கிள் கடை. அப்போது மணிக்கு 75 காசு. கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று மூன்று அளவு பிள்ளைகளுக்கு. அதற்கு மேல் பெரிய வண்டி. கடைக்கார அண்ணன் காசை வாங்குவதற்கு முன் வண்டியை நம் பக்கத்தில் நிறுத்துவார். சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அதை அப்படியே நேராக நகர்த்தி நம் இடுப்புக்குக் கொண்டுவருவார். இடுப்பெலும்புக்கு மேலே வந்தால் தர மாட்டார். எனக்கு முக்கால் வண்டி மேல் ஒரு வருடம் ஆசை. சிவப்புப் பெயின்ட், மட்கார்டில் வெள்ளைக் கோடு. கையில் காசு இருந்தும் தரவில்லை. “இன்னும் ரெண்டு வெரக்கட வளந்துட்டு வா பாப்பா, வண்டி எங்க போகப்போகுது” என்பார். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில்தான் உள்ளங்கை என் இடுப்பெலும்புக்கு நேராக வந்தது. அன்றைக்கு முக்கால் வண்டியை எடுத்துக்கொண்டு முல்லைப் பெரியாற்று வாய்க்கால் கரையில் போனேன். நிறுத்தினேன், இரண்டு காலையும் ஊன்றினேன், மறுபடி மிதித்தேன். அதையே திரும்பத் திரும்பச் செய்தேன்.

அந்தச் சுகம் ஒரே கோடைதான். அடுத்த வருடம் பள்ளி தூரமானது. வாடகைக்குக் கட்டுப்படியாகாது. அப்பாவின் ஹெர்குலிஸை எடுத்துக்கொள் என்றார்கள். 28 சக்கரம், 24 ஃபிரேம். பாவாடையைச் சொருகிக்கொண்டு, பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டேன். பிறகு பாருக்கு மேலே ஏறினேன். கல்லூரி முடியும்வரை அதுதான். கோவைக் கடையில் அந்த 29 எனக்கு உயரமாக இருந்தபோது, இது தப்பு என்று என் உடம்பில் எதுவும் சொல்லாததற்குக் காரணம் இதுதான். எட்டாத வண்டியில் எப்படியோ ஏறிச் சமாளிப்பதைத்தான் சைக்கிள் ஓட்டுவது என்று நான் கற்றிருந்தேன். வாடகைக் கடை அண்ணன் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததை மறந்தே போயிருந்தேன்.

குன்னூர் மெக்கானிக்கிடம் போனது கட்டுப் பிரித்த பிறகு, வளைந்துபோன பின் சக்கரத்துக்குப் பெண்டு எடுக்க. சுற்றுலா வருகிறவர்களுக்கு மவுண்டன் பைக் வாடகைக்கு விடுவதும் அவர் தொழில். வண்டியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கால் அளந்த கதை அப்புறம்தான். அளந்த பிறகு ஒரு காரியம் செய்தார். அதற்கு நான் அவருக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன்.

“நான் எதுன்னு சொல்ல மாட்டேன்க்கா. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க, மூணையும் ஓட்டிப் பாருங்க.”

அவர் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதுவரை போய்ச் சுற்றி வரும் பாதை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. முதலில் ஏற்றம், அதில் சில்வர் ஓக் மரங்களின் வேர்கள். தொட்டியடியில் ஒரு குறுகலான திருப்பம், பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடை. பிறகு கல் புதைந்த இறக்கம். மூன்று வண்டிகளைத் தயாராக வைத்திருந்தார். பழைய 26 ஒன்று, 27.5 ஒன்று, 29 ஒன்று. மூன்றும் சின்ன ஃபிரேம். மூன்றிலும் காற்றை அளந்து 25 பவுண்டுக்குக் கொண்டுவந்தார். என்னுடைய வண்டியை அளந்தபோது 55 இருந்ததாம். “அம்பத்தி நாலு கிலோ ஆளுக்கு அம்பத்தஞ்சு பவுண்டு காத்து எதுக்குக்கா? கல்லு மேல பந்து மாதிரி துள்ளும்” என்றார். சக்கர அளவால் வந்தது என்று நான் நினைத்திருந்த பாதி உதறல் காற்றால் வந்தது என்பது அன்று தெரிந்தது.

முதலில் 29. சின்ன ஃபிரேம் என்பதால் பார் பயமுறுத்தவில்லை. வேர்களின் மேல் ஏறியது, நான் எதிர்பார்த்ததைவிட அழகாக ஏறியது. ஆனால் ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில் கைப்பிடி நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உடம்பை முன்னால் சாய்த்து முன்சக்கரத்தின் மேல் பாரத்தைப் போட வேண்டும். கைப்பிடி அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது எனக்கு அது முடியவில்லை. முன்சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்பி எழும்பி இறங்கியது. தொட்டியடித் திருப்பத்தில் இன்னொன்று நடந்தது. கைப்பிடியை நன்றாகத் திருப்பியபோது ஷூவின் முனை டயரில் ‘சர்ர்’ரென்று உரசியது. பெரிய சக்கரத்தைச் சின்ன ஃபிரேமில் அடக்கும்போது கால் முனைக்கும் டயருக்கும் இடையே இடம் குறைந்துபோகிறது. ஓடையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். இந்த முறை கால் எட்டியது.

அடுத்தது 26. மிதித்த உடனே கிளம்பிவிட்டது. ரிம்மும் டயரும் எடை குறைவு, அந்த எடையும் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பத்தில் நினைத்த இடத்தில் திரும்பியது. ஆனால் வேருக்கு வேர் ஒரு முட்டு. இறக்கத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே இருந்த ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் முழுதாக இறங்கி நின்றது. 29 அந்தப் பள்ளத்தைக் கவனிக்கக்கூட இல்லை.

பிறகு 27.5. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை என்பதுதான் அதன் சிறப்பு. வேர்களில் ஏறினேன், திருப்பத்தில் திரும்பினேன், பள்ளத்தைத் தாண்டினேன். எந்த இடத்திலும் வண்டி ஞாபகம் வரவில்லை. பாதைதான் கண்ணில் பட்டது. ஏற்றத்தில் ஒரு மரத்தடியில் யாரோ வைத்துப்போன சின்னக் கற்குவியலும், மஞ்சளாகப் பூத்திருந்த ஒரு செடியும் அந்த மூன்றாவது சுற்றில்தான் எனக்குத் தெரிந்தன. கீழே வந்ததும் நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றினேன். பார் 68. நடுவே மூன்று சென்டிமீட்டர் காற்று. வாய்க்கால் கரையில் நின்ற அதே நிற்பு. மெக்கானிக் எதுவும் கேட்கவில்லை. மறுபடி ஒரு சுற்று போய்விட்டு வரவா என்று நான்தான் கேட்டேன்.

சின்ன ஃபிரேமில் ஒரு 27.5 வாங்கினேன். என் 29ஐ உடன் வேலை செய்பவரின் மகன் வாங்கிக்கொண்டான். 5 அடி 10 அங்குலம். அவன் ஏறி உட்கார்ந்ததும் அந்த வண்டி வேறு வண்டியாகிவிட்டது. எனக்குக் குதிரையாக இருந்தது அவனுக்கு நடைவண்டிபோல் பணிந்து போனது. என் சின்ன ஃபிரேம் 27.5ஐ எடுத்திருந்தால் அவன்தான் முதுகைக் கூனிக்கொண்டு ஓட்டியிருப்பான். பெரிய நிறுவனங்கள் சில, ஒரே மாடலில் சின்ன ஃபிரேமுக்கு 27.5, பெரிய ஃபிரேமுக்கு 29 என்று தாங்களே பிரித்துச் செய்வதும் இதனால்தான். முதல் வண்டி வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்டால், அந்தப் பிரிவினையை அப்படியே நம்பலாம் என்பேன். கடையில் எண்ணைக் கேட்பதற்கு முன் வீட்டில் நோட்டை வைத்துக் காலை அளந்துகொள்ளுங்கள் என்பேன்.

ஒரு கஷ்டம் உண்டு. கோத்தகிரியில் 26 டியூப் எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்கும், 27.5 கிடைக்காது. கோவையிலிருந்து இரண்டு வாங்கிப் பையில் வைத்திருப்பேன். அவசரத்துக்கு 26 டியூபை 27.5 ரிம்மில் போட்டு வீடு வந்து சேரலாம், ரப்பர் இழுத்துக் கொடுக்கும். டயரில் அந்தச் சலுகை இல்லை. அண்ணன் மகனின் சைக்கிளுக்கு ஒருமுறை 26 என்று பார்த்து டயர் வாங்கிப்போய் அசடாக நின்றிருக்கிறேன். பின்னத்தில் ‘26 × 1⅜’ என்று எழுதியிருந்தால் அதன் ரிம் 590. மவுண்டன் பைக்கின் 26 என்பது 559. இரண்டிலும் அச்சடித்திருப்பது 26தான், ஆனால் ஒன்றுக்கு மற்றது சேரவே சேராது. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்த்து வாங்குவதே உத்தமம்.

2018 ஏப்ரலில், சின்னமனூர் வெயில் தாங்காமல் அப்பா கோத்தகிரிக்கு வந்தார். அப்போது அவருக்கு 74. வந்த அன்றே வராந்தாவில் நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை அமுக்கிப் பார்த்தார், போக்ஸ் கம்பியை நகத்தால் சுண்டிப் பார்த்தார்.

“இது எத்தன இஞ்சு பாப்பா?”

சொன்னேன். 29 என்று ஒன்று இருப்பதையும் சொன்னேன்.

“நம்ம வண்டிய விடப் பெரிசா?”

அவர் கேட்பார் என்று தெரிந்ததுபோல் அதையும் ஒருநாள் பார்த்து வைத்திருந்தேன். நம் ஊர் 28 × 1½ சைக்கிளின் ரிம் 635 மில்லிமீட்டர். இன்றைய 29இன் ரிம் 622தான். டயர் தடிமனால் 29 பெரிதாகத் தெரிகிறது. ரிம்மை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்பாவின் ஹெர்குலிஸ்தான் பெரியது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

“அது என் வண்டியே இல்ல பாப்பா. அறுபத்தி மூணுல தேனில போயி எடுத்தது. இருபத்திரண்டு ஃபிரேம் ஒண்ணு, இருபத்தி நாலு ஒண்ணு நின்னுச்சு. இருபத்திரண்டுல ஏறிப் பாத்தேன், கால் நல்லா எட்டுச்சு. ரெண்டும் ஒரே விலைன்னு கடைக்காரர் சொன்னாரு. உங்க தாத்தா பெரிச எடுத்துட்டாரு.”

அப்பா என்னைவிட இரண்டு அங்குலம்தான் உயரம். அவர் சைக்கிளை நிறுத்தும் விதம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பால் பண்ணை வாசலில் ஒரு கல், டீக்கடையில் திண்ணை, வாய்க்கால் பாலத்தில் கைப்பிடிச் சுவர். போகிற இடமெல்லாம் கால் வைக்க ஒரு மேடு பார்த்து அங்கேதான் நிற்பார். அது அவர் தோரணை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

“ஏறிப் பாருங்கப்பா” என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். திண்ணைப் பக்கம் பார்த்தார், பழக்கம். வேண்டாம், இங்கேயே ஏறுங்கள் என்று வண்டியைப் பிடித்துக்கொண்டேன். தாழ்ந்து சரிந்த பாருக்கு மேலாகக் காலைப் போட்டார். பாரின் இரு பக்கமும் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. குனிந்து பாதங்களைப் பார்த்தார். பிறகு சீட்டில் உட்கார்ந்து, ஒரு காலைப் பெடலில் வைத்து, மற்றக் காலைத் தரையில் துழாவினார். குதிகால் லேசாக எழும்பியது.

“ஒரு வெரக்கட எறக்கு” என்றார்.